வாசல் அறைக்காக ஓர் ஆட்டம்

வாசல் பக்கம் இருப்பது ஒரே அறை. கேட்பவர்களோ இரண்டு பேர். துணிக்கடை வைத்திருக்கும் என் அக்காவுக்குச் சரக்கு அடுக்க இடம் வேண்டும். பல் டாக்டரான என் மனைவிக்கு அங்கே சொந்தமாக ஒரு கிளினிக் போட ஆசை. ஆறு வருடமாக அடுத்தவர் கிளினிக்கில் நின்றே கால் ஓய்ந்துவிட்டது அவளுக்கு.

எங்கள் வீட்டில் பேசித் தீராததைப் போக்கர் ஆடித் தீர்ப்போம். பந்தயம் சட்டைப் பொத்தான்கள். பொத்தான் தீர்ந்தவர் தோற்றவர்.

அன்று காலையில்தான் என் மனைவிக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தேன்.

"கையில ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு. ஏழுல நல்ல அஞ்சைச் சேர்த்துக்கணும். ஜோடியைவிட ரெண்டு ஜோடி பெரிசு, அதைவிட ஒரே மாதிரி மூணு, அதைவிட வரிசையா அஞ்சு…"

"ஒண்ணுமே சேரலேன்னா?"

"சேர்ந்த மாதிரி பந்தயத்தை ஏத்தலாம். எதிராளி பயந்து சீட்டைக் கவுத்துட்டா ஜெயிச்ச மாதிரிதான்."

"அப்ப சீட்டைவிட ஆளைப் பார்க்கணும்னு சொல்லுங்க."

மத்தியானம் அப்பா சீட்டுப் போட்டார். அக்கா இருபது வருடம் ஆடிய கை. ஆனாலும் ஒரு மணி நேரம் கழித்து இருவரிடமும் பொத்தான்கள் சரிசமமாக இருந்தன.

அடுத்த ஆட்டத்தில் நடுவே விழுந்தவை ராஜா, ராணி, ஒன்பது, நாலு, ரெண்டு. அக்கா தன் குவியல் முழுவதையும் தள்ளினாள்.

"கவுத்துடு டாக்டரம்மா. சின்னப் பொண்ணு, அழுதுடப்போறே."

என் மனைவியின் கையில் ஒரு ஒன்பதும் ஆறும். வெறும் ஒன்பது ஜோடி! பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேடிக்கை பார்ப்பவர் வாய் திறக்கக் கூடாது.

அவள் அக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. முக்காலியில் நீட்டியிருந்த பாதங்களைப் பார்த்தாள். பிறகு எல்லாப் பொத்தான்களையும் தள்ளினாள்.

"காட்டுங்க அண்ணி."

ஏஸும் ஜாக்கியும். எதுவும் சேரவில்லை.

"பத்து ஒண்ணு வந்திருந்தா வரிசை முடிஞ்சிருக்கும்டி! எப்படிக் கண்டுபிடிச்சே?"

"வலிக்கலைன்னு சொல்ற பேஷன்ட்டுங்க கால் விரலை மடக்கிப்பாங்க அண்ணி. வாயைப் பார்த்து ஊசி போட மாட்டேன், விரலைப் பார்த்துதான்."

அப்பா கை தட்டியே விட்டார். எனக்கு அவளைப் புதிதாகப் பெண் பார்ப்பது போல இருந்தது.

அக்கா எழுந்து அளவு நாடாவுடன் வாசல் அறைக்குப் போனாள்.

"நாற்காலியை ஜன்னலோரம் போடு," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "வாய்க்குள்ள வெளிச்சம் விழ வேணாமா?"