பெரட்டில் ஓர் ஆள் குறைவு

விடிந்ததும் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் பெரட்டுப் பிழைப்பே வேண்டாம் என்றுதான் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்தேன். பதுளையில் தீயணைப்புப் பயிற்சிக்குச் சேர்ந்தால், அங்கே என் கையில் தண்ணீர்க் குழாயைத் தரவில்லை. ஒரு பலகையும் வாக்கி டாக்கியும் தந்தார்கள். உள்ளே போகிறவர் பேர், போன நேரம், வெளியே வந்த நேரம், இவ்வளவையும் எழுத வேண்டுமாம். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

குழுத் தலைவர் ஸரூக் நானா சிரித்தார். "உள்ளுக்குப் போற ஆளுக்கு வெளிய நிக்கிற ஆள்ட குரல் மட்டும்தான் இருக்கு, சிவசக்தி. ஒராள் பேசி முடிச்ச பொறகுதான் மத்த ஆள் பேசணும். கேட்டதத் திருப்பிச் சொல்லணும்."

போன வாரம் ஒரு மதியம், ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடான லயம் எரிகிறது என்று அழைப்பு வந்தது. போய்ச் சேர்ந்தபோது லயத்து அறைகளில் நாலாம் காம்பராவின் கதவிலும் சன்னலிலும் கரும்புகை. சாப்பாட்டுக்காக மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"உள்ள புள்ள இருக்குங்க!"

"மூணு பேரு இருக்காங்க!"

ஸரூக் நானாவும் நிஷாந்தும் மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். போன நேரம் பன்னிரண்டு பதினெட்டு என்று எழுதினேன். கூரை மரங்கள் படபடவென்று வெடித்தன. யார் உள்ளே, எத்தனை பேர் என்று தொண்டை கிழியக் கேட்டேன். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

அப்போது கொழுந்துக் கூடையை வீசிவிட்டு ஒரு பெண் கல்லின் மேல் ஏறினாள். ரெங்கம்மா என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பெண்கள் குழுவுக்குக் கங்காணி.

"பெரட்டு!"

கூச்சல் அடங்கியது. காம்பரா வாரியாக வரிசை நின்றது. மார்பில் அடித்துக்கொண்டிருந்தவள்கூடத் தன் இடத்தில் போய் நின்றாள்.

"ஒண்ணாங் காம்பரா?" என்று தொடங்கி ஒவ்வொன்றாகக் கேட்டாள் அவள்.

"அஞ்சு பேரு. இங்க நாலு. ஒருத்தன் பள்ளிக்கூடத்துல."

"நாலு?"

"எல்லாரும் இருக்கோம். புள்ள?" மார்பில் அடித்துக்கொண்டிருந்தவளே திகைத்து நின்றாள். "அத காலையிலயே புள்ளக் காம்பராவுல ஆயாகிட்ட விட்டுட்டேன்!"

"ஒம்பது?"

ஒன்பதாம் காம்பராவுக்கு உரிய இடம் காலியாக இருந்தது.

"சிவஞானம் எங்க?"

"ராக்காவலுக்குப் போயிட்டு வந்தவரு. தூங்குறாரு!" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.

ஒன்பதாம் காம்பராவில் நெருப்பே இல்லை. ஆனால் லயம் முழுக்க ஒரே கூரை. தகரத்துக்கு அடியில் ஓடிய புகை மூடிய கதவின் இடுக்கில் கசிந்துகொண்டிருந்தது. நான் வெறுத்து ஓடிவந்த வரிசை, ஒரே நிமிடத்தில் ஓர் உயிர் இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டது.

வாக்கி டாக்கியில் ஸரூக் நானா பேசிக்கொண்டிருந்தார். குறுக்கே கத்தத் துடித்த வாயை அடக்கிக்கொண்டு அவர் முடிக்கும்வரை காத்தேன்.

"நானா, சிவசக்தி பேசுறேன். நாலுல யாரும் இல்ல. ஒம்பதுல ஒராள். ஓவர்."

"நாலுல இல்ல. ஒம்பதுல ஒராள். வாறோம்."

அவர்கள் வெளியே வந்த சற்றைக்கெல்லாம் நாலாம் காம்பராவின் கூரை சரிந்தது. ஒன்பதாம் கதவை உடைத்து உள்ளே ஓடினார்கள். ஸரூக் நானா சிவஞானத்தைத் தோளில் தூக்கி வந்து புல்லில் கிடத்தினார். கிழவர் இருமினார். அழுகையும் சிரிப்புமாகக் கூட்டம் பாய்ந்தது. நானும் பலகையைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

"நில்லுங்க! பெரட்டு முடியல," என்றாள் ரெங்கம்மா. என் பக்கம் திரும்பினாள். "ஒங்க ஆளுங்க ரெண்டு பேரு உள்ள போனாங்க. ஒருத்தரத்தான் காணுறேன்."

பலகையை எடுத்தேன். வெளியே வந்த நேரம் எழுதும் கட்டம் வெறுமையாக இருந்தது.

"நிஷாந்த்!" என்றேன் வாக்கி டாக்கியில்.

பொத்தானை விட்டுவிட்டு வாக்கி டாக்கியைக் காதோடு வைத்தேன்.

"நிஷாந்த், இருக்கேன். ஒம்பதுல இருந்த கேஸ் சிலிண்டரப் பின்பக்கமா வெளிய கொண்டாந்துட்டேன். ஓவர்."

இரண்டு பேருக்கும் நேரத்தை எழுதினேன்.

"நீ, தாயி?" என்றாள் ரெங்கம்மா.

வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.

"சிவசக்தி, இருக்கேன்," என்றேன்.


அதன் பிறகுதான் அவள் பெரட்டைக் கலைத்தாள்.