பத்து மீட்டர், ஆறு நொடி

ஒரகடத்தில் கார் சீட் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மதிவதனி பேட்டரி வண்டி ஓட்டினாள். அந்த வண்டியின் வேகத்தை மணிக்கு ஆறு கிலோமீட்டரில் பூட்டி வைத்திருந்தார்கள். காலால் எவ்வளவு மிதித்தாலும் ஆறுதான்.

அன்று ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் ரகு டீ குடிக்கப் போயிருந்தான். அவன் திரும்பும்வரை சூப்பர்வைசர் வசந்தகுமாருக்குப் பொறுக்கவில்லை, தானே ஏறி உட்கார்ந்தார். மதிவதனியின் வண்டி அவரைக் கடந்த அதே நொடியில் கிளம்பி, பின்னாலேயே போய் முட்டினார். ஆளுக்கு அடியில்லை, சீட் சட்டங்கள்தான் நசுங்கின. ஆனால் பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தான் சீராக வேகம் கூட்டி எட்டு கிலோமீட்டரில்தான் வந்ததாகவும், மதிவதனி திடீரென்று பிரேக் போட்டுவிட்டதாகவும் அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஷெட்டுக்குள் ஃபோர்க்லிஃப்ட் பத்துவரை போகலாம் என்பதால் எட்டு குற்றமில்லை. எச்.ஆர். அதிகாரி கனகம் மதிவதனியின் கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார். காண்ட்ராக்ட் பெண்ணுக்கு அது போனால் வேலையும் போன மாதிரிதான்.

மறுநாள் விசாரணையில் கேமராப் பதிவைப் போட்டார்கள். மதிவதனி அதை மூன்று முறை ஓட்டச் சொன்னாள். கடந்த இடத்திலிருந்து முட்டிய இடம் சரியாக இரண்டு தூண் தள்ளி. தூணுக்குத் தூண் ஐந்து மீட்டர், ஆகப் பத்து மீட்டர். ஓரத்தில் ஓடிய கடிகாரத்தில் ஆறு நொடி. மணிக்கு ஆறு கிலோமீட்டரில் போனால் ஆறு நொடியில் பத்து மீட்டர்தான் வரும் என்று அவள் கணக்குப் போட்டுக் காட்டினாள். நடுவில் பிரேக் போட்டிருந்தால் அந்தத் தூணை எட்டியிருக்கவே முடியாது.

வசந்தகுமார் சிரித்தார். "ஆறுல போறத புடிக்க எட்டு போதாதா? இன்னா கணக்கு சொல்லிக்கினு கீற நீ?"

ஷெட்டில் பாதிப் பேரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். மதிவதனி திரையைக் காட்டினாள்.

"நீங்க நின்னுகினு இருந்து கெளம்புனீங்க சார். அதே பத்து மீட்டர், அதே ஆறு செகண்ட். அப்போ உங்க சராசரியும் ஆறுதான். பூஜ்யத்துலேர்ந்து சீரா ஏறி சராசரி ஆறு வரணும்னா கடைசில பன்னெண்டுல வந்திருக்கணும்."

கனகம் கணக்கை நம்பினாரோ இல்லையோ, எல்லோரையும் ஷெட்டுக்கு அழைத்துப் போனார். மதிவதனியின் வண்டி கடந்த நொடியில் ரகு ஃபோர்க்லிஃப்டை நின்ற நிலையிலிருந்து கிளப்பி, ஆறு நொடியில் சீராக எட்டுவரை ஏற்றினான். ஆறாவது நொடியில் அவள் இரண்டாவது தூணில் இருந்தாள், அவன் மூன்று மீட்டருக்கும் மேல் பின்னால் கிடந்தான். லைனில் இருந்த பெண்கள் கைதட்டினார்கள். நுணலும் தன் வாயால் கெடும். வசந்தகுமார் 'சீராக' என்று எழுதிய தன் கையாலேயே கெட்டார்.

கனகம் கேட் பாஸை நீட்டி, வேலைக்குப் போகச் சொன்னார். மதிவதனி அதை வாங்கவில்லை. தான் பிரேக் போடவில்லை என்று சூப்பர்வைசர் தன் கைப்பட எழுதித் தரவேண்டும் என்றாள். கனகம் பேனாவை அவர் பக்கம் தள்ளினார். வசந்தகுமார் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மதிவதனி வரிவரியாகப் படித்தாள். பிறகு தாளை அவரிடமே திருப்பி நீட்டினாள்.

"தேதி போடுங்க சார்."