பெட்டி வராத இடைவேளை

ஸ்ரீவில்லிபுத்தூர் பரிபூரணம் டாக்கீஸைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. எழுபத்தொன்பதில் தகரக் கொட்டகையாக ஆரம்பித்து, தொண்ணூற்றாறில் பஞ்சு குடோனாக முடிந்தது. புதுப்படம் என்றால் ராஜபாளையத்துக்கும் எங்களுக்கும் சேர்த்து ஒரே பிரதிதான். அங்கே ஓடி முடிந்த முதல் பாதி ரீல் பெட்டியை மோட்டார் சைக்கிளில் தவசிமுத்து கொண்டுவருவார். அது இங்கே முடிவதற்குள் இரண்டாம் பாதிப் பெட்டியும் வந்து சேர வேண்டும். டாக்கீஸ் காம்பவுண்டுக்குள் முறுக்குக் கடை போட்டிருந்தவள் நான். பெட்டி பிந்தினால் எனக்குத்தான் லாபம்.

எங்கள் தெருக்காரர்கள் வீட்டில் வைத்துப் பெண் காட்ட மாட்டார்கள். பிடிக்கவில்லை என்று போய்விட்டால் ஊர் வாயை யார் அடைப்பது? இடைவேளையில் பெண் என் கடையோரம் வந்து நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் டீ குடிக்கிற சாக்கில் பார்த்துக்கொள்வார்கள். பெல் அடித்ததும் எல்லாரும் உள்ளே போய்விடுவார்கள். பிடிக்காவிட்டால் படம் பார்த்ததோடு சரி.

எண்பத்தாறு புரட்டாசியில் சண்முகத்தாயை அப்படித்தான் நிறுத்தினார்கள். ராஜபாளையம் மில்லுக்குப் போய்வரும் பெண். இடது கால் கொஞ்சம் கட்டை, நடந்தால் சாயும். முன்னால் வந்தவர்களெல்லாம் அதைப் பார்த்துத்தான் நழுவினார்கள். அதனால் அவள் அம்மா வேலுத்தாய், படம் ஓடும்போதே கொட்டகைக்குள்ளிருந்து இருட்டில் கூட்டிவந்து என் கடைச் சுவரோரம் நிறுத்திவிட்டாள்.

"ஏட்டி, பெல் அடிச்சு அவிய உள்ள போற வரைக்கும் அசையப்பிடாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சனிக்கிழமை. எங்கள் ஊரை ஒட்டி திருவண்ணாமலை என்றே ஒரு குன்று உண்டு; அதன் மேலிருக்கும் பெருமாளைப் பார்க்கப் போன கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டதில் தவசிமுத்து சிக்கிவிட்டார். பெட்டி வரவில்லை, பெல்லும் அடிக்கவில்லை. உள்ளே விசில் பறந்தது. சண்முகத்தாய் வேர்த்துப்போய் ஒரே காலில் பாரம் போட்டு நின்றாள். மாப்பிள்ளை சோலைச்சாமி, ராஜபாளையத்தில் வேறொரு மில்லில் மெஷின் பிட்டர். அவன் தன் அம்மா சீனியம்மாளை ரோட்டுப் பக்கம் பார்க்க பெஞ்சில் உட்காரவைத்து, முறுக்கு, டீ, மறுபடி முறுக்கு என்று வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தான். சரியான அம்மா கோண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் சண்முகத்தாய்க்குப் பொறுக்கவில்லை. "போதும்மா. இன்னைக்கு மறைச்சா பொறவு தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, எல்லார் முன்னாலும் சாய்ந்து சாய்ந்து நேராக அவனிடமே போனாள். வேலுத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எங்காலு இப்படித்தான். பாத்துக்கிடுங்க."

சோலைச்சாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, மெதுவாப் பேசுங்க. தெனமும் எங்க மில் வாசல் வழியா நீங்க நடந்து போறதப் பாத்துத்தான பொண்ணு கேக்கச் சொன்னேன். உங்க காலு எங்கம்மா கண்ணுல பட்டா காரியத்தக் கெடுத்துப்பிடும்னுதான் அந்தப் பக்கம் திருப்பி உக்காரவச்சிருக்கேன்."

சீனியம்மாள் திரும்பாமலே முறுக்கைக் கீழே வைத்தாள்.

"ஏலே, படத்து வெளிச்சத்துலயே அந்தப் புள்ள நடந்து வந்ததப் பாத்துட்டேன். எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? நீயா சொல்லுதியான்னுதான் இருந்தேன். தாடை வலிக்குலே, இனி முறுக்கு வாங்காத."

பிறகு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"நீ இங்கன உக்காரு தாயி. எம்புட்டு நேரந்தான் நிப்ப?"