வைஃபை அடையாளம் இல்லாத நாற்பது நிமிடம்

1

இதை நான் கதையாக எழுதத் தொடங்கவில்லை. ‘இயங்குதளத்தைப் புதுப்பித்தபின் மடிக்கணினியில் இணையம் வராவிட்டால் என்ன செய்வது?’ என்று ஒரு குறிப்பு எழுதி முகநூலில் போட இருந்தேன். அப்படியான குறிப்புகள் எழுத எனக்கு நல்ல விருப்பம். மூன்றாவது படிவரை ஒழுங்காகத்தான் போனது. நான்காவது படி இது: ‘அவசரமென்றால் கைபேசியை வயரால் மடிக்கணினியில் செருகி, கைபேசியின் இணையத்தைப் பாவியுங்கள். ஒரு நிமிடம் போதும். பிழையைப் பிறகு ஆறுதலாகத் தேடலாம்.’

அதை எழுதிவிட்டு எழும்பிப் போய்விட்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘கோப்பாயில் ஒரு செத்தவீடு. லெனாட் என்ற கணினி திருத்துநர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். அவனுடைய

லெனாட் என்று ஒருவரும் இல்லை. பிழையைச் சுமக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நீங்கள் வெறுக்க வசதியாக இருக்கட்டுமென்று கொஞ்சம் திமிரும் கொடுத்திருந்தேன். அழித்துவிட்டேன். போனது நான். மோட்டார் சைக்கிளும் இல்லை. எங்களுடையது வேலிக்கு இந்தப் பக்கம், அடுத்த வளவு.

3

இறந்தவர் முத்துக்குமாரு. மகள் பத்மாசினி சுவிஸில் இருக்கிறாள். வதிவிட அனுமதி இன்னும் கிடைக்கவில்லை, வந்தால் திரும்பிப் போகமுடியாது. எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள். ஆகவே இங்கே இருந்திருந்தாலும் பத்மாசினிக்குத் தகப்பனின் முகம் பெட்டி மூடும்வரைதான். அதை அவள் சூமில் பார்ப்பதாக ஏற்பாடு. மடிக்கணினிப் பொறுப்பு என்னுடையது.

முதல்நாள் பின்னேரம் அதில் புதுப்பிப்பு அறிவித்தல் வந்திருந்தது. கிரியை நடுவில் தானாக நின்று மறுபடி தொடங்கினால் என்ன செய்வது என்ற பயத்தில் நானே புதுப்பித்துவிட்டேன். (அதன்பிறகு வைஃபை வேலைசெய்கிறதா என்று நான் பார்க்கவில்லை. இந்த வாக்கியத்தை அடைப்புக்குள் ஒளித்திருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.)

காலையில் செத்தவீட்டில் கொண்டுபோய்த் திறந்தால் வைஃபை அடையாளமே இல்லை.

4

கணினிக்குள் வைஃபைக்கென்று ஒரு சிறு தகடு இருக்கிறது. அதற்கும் இயங்குதளத்துக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்பார். டிரைவர் என்று சொல்லும் மென்பொருள். இயங்குதளம் புதிதாகும்போது சிலவேளை அவரும் மாறிவிடுவார். புதியவருக்குப் பழைய தகட்டின் பேச்சு விளங்காது. தகட்டிலும் பிழையில்லை, ரவுட்டரிலும் பிழையில்லை. எவ்வளவு வடிவான கோளாறு பாருங்கள்.

[இங்கே இன்னும் மூன்று பந்தி இருந்தது. வெட்டிவிட்டேன். அன்றைக்கும் இப்படித்தான் விளக்கத்திலேயே மூழ்கிப்போனேன்.]

வெளியே பறைச் சத்தம். பத்மாசினியின் தம்பி மனைவி கஜந்தினி போனோடு நான் இருந்த அறைக்குள் வந்தாள்.

“மச்சாள் பாத்துக்கொண்டு இருக்கிறா அண்ணை. என்ரை போனிலை காட்டட்டோ?”

“வேண்டாம் பிள்ளை, போனிலை படம் ஆடும். ரெண்டு நிமிசம்.”

“முதலும் ரெண்டு நிமிசம் எண்டுதான் சொன்னனீங்கள்.”

செத்தவீட்டுக்கு வந்திருந்த கந்தப்பு ஐயா ஜன்னலால் எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, உதுக்கும் ஒருக்கா ஐயரைக் கூப்பிடுவமே?”

“டிரைவர் மாறிப்போச்சு ஐயா. அதாவது, உள்ளுக்கை ஒரு தகடு...”

“பெட்டி மூடப் போறாங்கள் தம்பி.”

கஜந்தினியின் கையில் போன். மேசையில் வயர். எனக்குத் தெரியாமல் இல்லை. அதைச் செருகினால் நான் தோற்றதாகிவிடும் என்று இருந்தது.

5

பழைய டிரைவருக்குத் திரும்பும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அழுத்தினேன். அடையாளம் வந்தது.

“வந்திட்டுது!” என்று கத்தினேன். சந்தோசமாகக் கத்தினேன். வெளியே பெண்கள் படலையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

திரையில் பத்மாசினி. தலை முழுகி, வெள்ளைச் சேலை உடுத்து, வாய்க்கரிசிக்கென்று ஒரு பிடி அரிசியைக் கையில் பொத்தி வைத்திருந்தாள்.

“அண்ணை, அப்பா எங்கை?”

முடிவு ஒன்று: ‘என்ரை பிழை பிள்ளை’ என்றேன். அவள் அழுதாள், பிறகு மன்னித்தாள். (நடக்கவில்லை.)

முடிவு இரண்டு: கஜந்தினி எல்லாவற்றையும் போனில் பதிந்து வைத்திருந்தாள். (நடக்கவில்லை. நான் வேண்டாமென்று சொன்னதை அவள் நம்பியிருந்தாள்.)

நடந்தது: “இஞ்சை எல்லாம் சரியாத்தான் இருந்தது பிள்ளை. உங்கடை பக்கத்திலைதான் ஏதோ தடங்கல் போலை.”

கதவடியில் நின்ற கஜந்தினி என்னைப் பார்த்தாள்.

“ஓம் அண்ணை, இஞ்சத்தை வைஃபை வலு மோசம். நான்தான் முதலே பாத்திருக்கோணும்,” என்றாள் பத்மாசினி. அரிசியை என்ன செய்வதென்று தெரியாமல் மற்றக் கைக்கு மாற்றினாள்.

6

இன்று காலை அவளிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்தது.

“அண்ணை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு. அதையும் விடேலாது. என்ரை பக்கம் என்ன பிழையெண்டு சொல்லுங்கோ. நீங்கள் விளங்கப்படுத்தினா எனக்கு விளங்கும்.”

பதில் எழுதத் தொடங்கினேன்.

‘பிள்ளை, அண்டைக்கு உங்கடை பக்கத்திலை

‘பிள்ளை, அண்டைக்கு நான்

‘ரவுட்டரை ஒருக்கா நிப்பாட்டிப் போட்டு

மூன்றாவதைத்தான் என் விரல் லேசாக முடிக்கும். ஐந்து படிகளில், இலக்கமிட்டு, அவளுக்கு விளங்கும்படி. அவள் ஒவ்வொன்றாகச் செய்தும் பார்ப்பாள். பிழையே இல்லாத ஒரு ரவுட்டரைத் திருத்திக்கொண்டிருப்பாள்.

முடிவை உங்களிடம் தந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் பதிலுக்குக் காத்திருப்பது நீங்கள் இல்லை. நான் வாசித்துவிட்டேன் என்பதற்கான நீலக் கோடுகள் அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் தட்டும்போதெல்லாம் ‘எழுதுகிறார்’ என்று அவளுடைய திரையில் வரும், நிறுத்தினால் மறையும். காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்போது ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பியிருக்கிறாள்.

‘பிள்ளை, அண்டைக்கு நான்