டிக்கிக்குள் நாகவல்லி

"போல்ட்ட உடுங்க, நட்டு ரெடி," என்று காருக்குள்ளிருந்து நாகவல்லியின் குரல் வந்தது.

நெமிலிச்சேரி வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் பக்தவத்சலம் மூன்று வருடமாகத் தானே கட்டிக்கொண்டிருக்கும் கார் அது. ஆவடி பாக்டரியில் நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டிலும் இரும்பைக் கட்டிக்கொண்டு அழுகிற மனுஷன் என்று தெருவில் அவருக்குப் பெயர். பெட்ரோல் மூடி வெளியே துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது, பாடிக்குள் குழிந்து உட்கார வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். புதுப்பேட்டையில் அலைந்து, ஏதோ பழைய காரில் பெட்ரோல் மூடி உட்காரும் கிண்ணத்தை மூடியோடு வாங்கிவந்து, பின்பக்கத் தகட்டில் வட்டமாக ஓட்டை போட்டிருந்தார். வெளியே அவர் போல்ட்டைத் திருக, உள்ளே ஒருவர் நட்டைப் பிடிக்க வேண்டும்.

பொங்கலின்போது வயர் இழுக்க இதே டிக்கிக்குள் நுழையப் பார்த்து அவர் மனைவி நாகவல்லி இடுப்போடு மாட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஜெபா வந்துதான் இழுத்து எடுத்தாள். மூன்று பேருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இன்று தலையைக் கொடுத்தாள், உள்ளே போய்விட்டாள். எங்கேயும் இடிக்கவில்லை.

இளைத்துவிட்டாள் என்று தெருவே அவளைப் பாராட்டிக்கொண்டிருந்தது. வாக்கிங்கா, டயட்டா என்று கேட்டார்கள். பக்தவத்சலமும் தன் பங்குக்குக் கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்டே என்று போன வாரம்கூடக் கிண்டல் செய்தார். அவள் எந்த வாக்கிங்கும் போகவில்லை என்பது ஒரே வீட்டில் இருக்கிற அவருக்குத் தெரியாதா? தெரியும். இந்த நிமிஷம்வரை உறைக்கவில்லை, அவ்வளவுதான். டிக்கியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பொங்கலுக்குப் பிறகு அந்த வாயை அவர் வெட்டி அகலமாக்கவில்லை.

உள்ளே ஏதோ விழுந்து உருண்டது.

"இன்னா அது?"

"வளையல். கழண்டுகினு பூட்ச்சி."

"அது கழறாதே."

கல்யாணத்தன்று சோப்புத் தண்ணி போட்டு ஏற்றிய வளையல்.

"இப்ப கழறுது," என்றாள். பிறகு, "ரெண்டு மாசமா சோறு எறங்கலீங்க. ஜெபாவோட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அடுத்த தபா ஊட்டுக்காரர இட்டுகினு வான்னாங்க."

"ஏன் சொல்லல?"

"கார் முடியட்டும்னு இருந்தேன்."

பக்தவத்சலத்துக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரிந்ததும் அது அழுகையாக மாறப் பார்த்தது.

"வெளிய வா. இப்பவே போலாம்."

"இந்த போல்ட்ட முடிச்சிட்டு போலாம். திரும்பவும் யாரு உள்ள பூந்து பிடிக்கிறது?"

அவர் பாதி ஏறியிருந்த போல்ட்டைக் கழற்றினார். கிண்ணத்தை உருவித் தரையில் வைத்துவிட்டு ஓட்டைக்குள் கையை விட்டார். வெட்டிய தகட்டின் விளிம்பு முழங்கையைக் கீறியது. உள்ளே இருட்டில் நட்டைப் பிடித்திருந்த கை தட்டுப்பட்டது. மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தார். அவருடைய விரல்கள் ஒன்றையொன்று தாண்டிப் போயின.

"உடுங்க, கூசுது," என்று அவள் நகர்ந்தாள். தகட்டுக்கு அடியில் எங்கேயோ வளையல் இன்னும் கொஞ்ச தூரம் உருண்டு போயிற்று.