டாக்டர் கைக்கு ஒரு பிடி

சின்ன விமானங்கள் இறங்கும் மைதானத்தின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகையில் அந்தப் பட்டறை இருந்தது. விமானத்துக்குள் வேண்டிய இருக்கை, கதவுப் பலகை, கைப்பிடி எல்லாம் அங்கே செய்வார்கள். கணவர் மரமும் உலோகமும் பார்த்துக்கொள்வார். மனைவி தோல் தைப்பாள். அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவளுக்கு மைதானத்து மெக்கானிக்குகள் வைத்த பெயர் ஊசியக்கா. கையில் இருக்கும் ஊசிக்காக மட்டும் வைத்த பெயர் இல்லை அது, வாயில் இருப்பதற்காகவும்தான்.

பல் டாக்டர் ஒருத்தி பழைய நாலு சீட்டு விமானம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து, வாயில் இருந்த ஊசிக்கு வேலை கூடிவிட்டது.

டாக்டர் குட்டை. விமானமோ உயரம். சக்கரத்துக்கு மேலே உள்ள படியில் காலை ஊன்றி, முன் கண்ணாடியோரக் கம்பத்தில் இருக்கும் பிடியைப் பற்றி உடம்பைத் தூக்கினால்தான் உள்ளே உட்கார முடியும். இரண்டு பக்கத்துப் பிடிகளும் விரிசல் விட்டிருந்தன. மாஸ்டர் தயாராக இருந்தவற்றை எடுத்துக் காட்டினார். ஒன்று வழுக்குகிறது, ஒன்று விரலை அறுக்கிறது என்று டாக்டர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டாள். வேறு யாராவது இருந்தால், "இதுதான் இருக்கு, இஷ்டமிருந்தா எடுத்துக்கங்க" என்று முகத்திலடித்தாற்போலச் சொல்லிவிடுகிற மனிதர் அவர். அன்றைக்கோ, "உங்க கைக்குன்னே ஒண்ணு செஞ்சிடலாம் டாக்டர்," என்று குழைந்தார்.

அதற்கப்புறம் தினமும் சவரம் செய்துகொள்ளத் தொடங்கினார்.

சாப்பிட உட்கார்ந்தால் "டாக்டர் சொன்னாங்க." பல் தேய்க்கப் போனால் "இப்படித் தேய்க்கக் கூடாதாம், டாக்டர் சொன்னாங்க." வீட்டுச் சமையலறை அலமாரியின் பிடி கழன்று விழுந்து யுகமாகிறது, கரண்டிக் காம்பால் நெம்பித்தான் ஊசியக்கா அதைத் திறந்துகொண்டிருந்தாள். கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம், பாக்கலாம்" என்ற அதே கைகள், டாக்டருக்காக மரத்தில் மாதிரிமேல் மாதிரியாக இழைத்துத் தள்ளின.

"அலமாரிக்கும் பறக்கத் தெரிஞ்சா ஒரு பிடி கிடைக்கும் போல," என்றாள்.

அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் டாக்டர், பல் அளவெடுக்கும் மாவு இரண்டு டப்பாவோடு வந்தாள். இரண்டையும் சேர்த்துப் பிசைந்து உருட்டி, தன் கைக்குள் அழுத்திப் பிடித்தாள். "இது இறுகுற வரைக்கும் என்னோட பேசிக்கிட்டிருங்க மாஸ்டர்," என்றாள். அவரும் பேசினார், இறுகிய பிறகும் பேசினார். இரண்டு பேரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தபோது ஊசியக்காவின் தையல் மெஷினில் ஊசி முறிந்தது.

டாக்டர் போனதும் மாஸ்டர் அந்த அச்சை ஒரு தோல் துண்டின்மேல், முட்டையை வைப்பதுபோல, பட்டறை அலமாரியில் வைத்தார். மறுநாள் பகலில் பல் அடைத்துக்கொள்ள டாக்டரிடமே கிளம்பிப் போனார். மனைவி வருஷக்கணக்கில் கெஞ்சியும் காட்டாத சொத்தைப் பல் அது.

ஆளில்லாத பட்டறையில் ஊசியக்கா அச்சை எடுத்துப் பார்த்தாள். நாலு மெல்லிய விரல்களின் பள்ளம். தன் விரல்களை அதில் வைத்துப் பார்த்தாள். உள்ளே இறங்கவே இல்லை. டாக்டர் விட்டுப்போன டப்பாக்களில் மீந்திருந்த மாவைப் பிசைந்து, தன் கைக்குள் வைத்து, யாருடைய கழுத்தையோ பிடிப்பதுபோல அழுத்தினாள். இறுகியதும் அதைத் தோல் துண்டின்மேல் வைத்துவிட்டு, டாக்டருடையதைக் கழிவுத் துணி மூட்டைக்குள் திணித்தாள்.

மாஸ்டர் ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போய், கோணல் சிரிப்போடு வந்து வேலையில் உட்கார்ந்தார். அலுமினியத் தண்டு வளைத்து, அதன்மேல் மரம் செதுக்கி, அச்சின் பள்ளமெல்லாம் பிசகாமல் கொண்டுவந்தார். தோல் போர்த்தித் தைத்தவள் ஊசியக்காதான். தான் தைப்பது தன் கையைத்தான் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் குஷிகூட இருந்தது.

பிடியை மாட்டிய அன்று டாக்டர் படியில் ஏறிப் பற்றிப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "ரொம்பப் பருமனா இருக்கே மாஸ்டர். என் கை நிக்கவே மாட்டேங்குது."

மாஸ்டர் ஓடிப்போய் அச்சை எடுத்துவந்து பொருத்திப் பார்த்தார். அப்படியே இருந்தது. அவர் முகம் சுண்டிப்போனது. "எங்கயோ பிசகிட்டேன் டாக்டர். மன்னிச்சுக்கங்க."

ஊசியக்காவுக்குச் சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. இருந்த ஒன்றையும் அந்தப் பொம்பளைக்கே கொடுத்துவிட்டார்!

"பரவால்ல மாஸ்டர். நாளைக்கு வந்து மறுபடி அச்சு குடுக்கறேன். சரியா வர்ற வரைக்கும் வர்றேன்," என்றாள் டாக்டர்.

அப்போதுதான் ஊசியக்காவுக்கு உறைத்தது. தான் செய்த காரியம் டாக்டரை விரட்டவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறது.

மறுநாள் காலை மூட்டையிலிருந்து அச்சை எடுத்துக்கொண்டு நேராக டாக்டரின் கிளினிக்குக்குப் போனாள். அங்கே வேறு நாற்காலி இல்லாததால் நோயாளி சாயும் நாற்காலியிலேயே உட்கார வேண்டியதாயிற்று. அச்சை நீட்டினாள்.

டாக்டர் அதைக் கையில் பிடித்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. "இது என்னோடது. அப்போ அது யாரோடது?"

"என்னோடது. நான்தான் மாத்தி வெச்சேன்."

"எதுக்கு?"

"நீங்க வர்றது எனக்குப் பிடிக்கல."

டாக்டர் சிரித்து மழுப்பிவிடுவாள் என்று ஊசியக்கா எதிர்பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றினாள்.

"எனக்கு வர்றது பிடிச்சிருந்துச்சு," என்றாள் மெதுவாக. "என் நோயாளிங்க வாயைத் திறப்பாங்க, ஆனா யாரும் பேச மாட்டாங்க. வீட்லயும் ஆள் இல்ல. அவர் பேசுனாரு, கேட்டுக்கிட்டிருந்தேன். அதுக்கு மேல ஒண்ணுமில்ல. ஆனா ஒண்ணுமே இல்லைன்னு சொன்னா அது பொய்."

ஊசியக்கா நாற்காலியிலிருந்து இறங்கினாள். "இந்த அச்சு போதும். நீங்க வர வேணாம்," என்று மட்டும் சொன்னாள்.

"சரி. உங்க கைக்குச் செஞ்ச பிடியைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பக்கத்து சீட்டுப் பக்கம் மாட்டிருங்க. நல்ல வேலை."

பட்டறைக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். கத்துவார் என்று நினைத்தாள். அவர் உளியைக் கீழே வைத்தார்.

"தைக்கும்போதே உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"என் கண்ணுதான் போச்சோன்னு ராத்திரியெல்லாம் பயந்துக்கிட்டுக் கிடந்தேன்டி."

"நீங்க அவங்களப் பாத்த பார்வைக்கு, போயிருந்தாலும் தேவலைன்னு இருந்துச்சு."

அவர் மறுபடி உளியை எடுத்தார். பேசாமலேயே அவர் சின்னப் பிடியைச் செதுக்கினார், பேசாமலேயே அவள் தைத்தாள். ஒரு தையல்கூடக் கோணவில்லை. கோணியிருந்தால் அதைக் காட்ட டாக்டர் வந்துவிடுவாளே!

இரண்டு பக்கமும் பிடிகளை மாட்டியாயிற்று. டாக்டர் கொட்டகைப் பக்கம் வராமல், ஓடுபாதை ஓரத்திலேயே விமானத்தில் ஏறினாள். சின்னப் பிடியைப் பற்றி ஒரே மூச்சில் மேலே போனாள். எஞ்சின் உறுமியது. விமானம் ஓடி, எழும்பி, மைதானத்தை ஒருமுறை சுற்றியது.

மாஸ்டர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியக்கா வானத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விமானம் புள்ளியாகி மறைந்த பிறகும் அவர் தலை இறங்கவில்லை.

"போதும், கழுத்து சுளுக்கிக்கப் போகுது," என்றாள். "உள்ள வாங்க."

அவர் வந்தார். கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தார்.