பச்சைக் கம்பி

ராக்காயி மைக்கைக் கீழே போட்ட சத்தத்தில் கோயிலே திரும்பிப் பார்த்தது. மஞ்சள் தண்ணீரில் நனைந்த சேலையும் வெறுங்காலுமாக அம்மனுக்குத் தாலாட்டுப் பாட வந்திருந்தாள்.

"சுர்ருன்னு இழுக்குதுண்ணே!"

"என்னா பக்கிரிண்ணே, இந்த வருசம் அம்மனுக்கே கரண்டா?" என்று என்னைக் கேட்டார் கோயில் தலைவர் குணாளன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

குருண் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தத் தோட்டக் கோயிலுக்கு மைக் செட் உபயம் என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுடையது. இதுவரை ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை. "ஈரக் கை. வேற ஒண்ணுமில்ல," என்றேன்.

மருமகள் தேவகி தொழிற்சாலையில் மின்கருவிகளைச் சோதிக்கும் வேலையில் இருப்பவள். சுவிட்சை அணைத்து, ஆம்பிளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கித் திறந்தாள். பச்சைக் கம்பி எதிலும் மாட்டப்படாமல் மடங்கிக் கிடந்தது. என்னைப் பார்த்தாள். உடனே குனிந்துகொண்டாள்.

நேற்று ஸ்பீக்கரில் ஓயாத இரைச்சல். அந்தக் கம்பியைக் கழற்றினேன், நின்றது. நாற்பது வருடமாக நான் செய்துவந்த வைத்தியம்.

"மாமா," அவள் குரலைத் தாழ்த்தினாள். "எல்லாத்தையும் எர்த்துன்னே சொல்றோம்லா, ஆனா ஒண்ணு இல்ல. மைக் வயரைச் சுத்தி வர்ற கம்பி, சிக்னல் திரும்பிப் போற வழி. ஆம்ப் பெட்டியோட இரும்பு வேற. இந்தப் பச்சைக் கம்பி மண்ணுக்குப் போறது, ஆள் உயிரைக் காக்குறதுக்கு. இது இல்லாம, பெட்டியில கசிஞ்ச கரண்ட் மைக் வயர்ல ஏறி, ராக்காயி அத்தை உடம்பு வழியா இறங்கியிருக்கு."

"அப்ப இரைச்சல்?"

"சத்தத்தைக் கலக்குற மிக்சர் ஒரு சுவர்ல, ஆம்ப் இன்னொரு சுவர்ல சொருகியிருக்கு. ரெண்டுக்கும் தனித்தனியா மண்ணு, நடுவுல சிக்னல் வயர். கரண்ட் சுத்திச் சுத்தி ஓடுது, அதான் இரைச்சல். ரெண்டையும் ஒரே இடத்துல சொருகுனா போதும்."

குணாளன் எட்டிப் பார்த்தார். "யாரு கழட்டுனது? எலியா?"

தேவகி பச்சைக் கம்பியை மாட்டித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஆமாம் என்றால் அவள் மறுக்கமாட்டாள். வீட்டுப் பெயர் அப்படியே நிற்கும். ராக்காயி இன்னும் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் கழட்டுனேன்," என்றேன். "கண்டுபிடிச்சது என் மருமக."

யாரும் சிரிக்கவில்லை. தேவகி இரண்டு பிளக்கையும் ஒரே இடத்தில் சொருகிச் சுவிட்சைப் போட்டாள். மருமகளுக்கு நன்றி சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. செருப்பைக் கழற்றி, ஒரு செம்பு தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டேன்.

"வேணாம் மாமா, மீட்டர் வச்சுப் பாத்துட்டேன்."

"அதனாலதான்மா புடிக்கிறேன்."

மைக்கைக் கையில் எடுத்தேன். ஸ்பீக்கரில் இரைச்சல் இல்லை. தோட்டம் முழுக்க என் மூச்சு மட்டும் கேட்டது. ராக்காயி மெல்லக் கையை நீட்டினாள்.